கசிவைத் தேடிக் காணாத நாளின் பதிவேடு: என்ன எழுதணும்?

ஹட்டன்_மாணவி:
தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் எழுதுறோம். விண்கலத்தில் வளி கசியுது. பொறுப்பதிகாரி நாள் முழுக்கத் தேடியும் ஓட்டை அகப்படல. இரவு அவர் பதிவேடு எழுதுறதுதான் கடைசிக் காட்சி. "தேடினோம், கிடைக்கவில்லை" என்று ஒரே வரியில முடிஞ்சிருது. உண்மையில் என்னென்ன எழுதுவாங்க?

வளியமுக்கம்:
தங்கச்சி, எந்த அறை, கதவை அடைச்ச நேரம், அப்போதைய அமுக்கம், வெப்பநிலை, திறக்கும்போது அதே இரண்டும். வெப்பநிலையை மட்டும் விட்டுடாதீங்க. 760 மி.மீ. இரச அமுக்கமுள்ள மூடிய அறையில் 1 பாகை குளிர்ந்தாலே 2.6 மி.மீ. இறங்கும், ஓட்டையே இல்லாமல் கசிவு மாதிரித் தெரியும். 2020 செப்டெம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் கசிவு பெருத்ததாகக் காட்ட, தூங்கினவங்களை எழுப்பித் தேட வைத்தார்கள். பெருத்ததாகக் காட்டியது உள்ளே மாறிய வெப்பநிலை.

அறை அறையாக அடைப்பதற்கும் கணக்கு இருக்கு. நிலையத்தின் கனவளவு ஏறத்தாழ 1000 கன மீற்றர். நாளுக்கு 1.4 கிலோ வளி போனாலும் மொத்தத்தில் 1 மி.மீ. அளவே குறையும். 100 கன மீற்றர் அறையை அடைச்சா அதே கசிவு 9 மி.மீ. காட்டும்.

கொட்டகலை_வானம்:
தேடல் ஏன் தோற்றது என்பதற்கு அதே நிலையத்திலேயே நல்ல காரணம் இருக்கு. 2020 ஆகஸ்ட்டில் அங்கிருந்த விண்வெளி வீரர்கள் மூன்று பேரும் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் தங்கி, மற்ற அறைகளை அடைச்சுச் சோதித்தார்கள். ஒன்றிலும் அகப்படல. கசிவு ஸ்வெஸ்தா பக்கமே இருந்தது. அதனால் உங்க அதிகாரி இப்படி எழுதட்டும்:

"21.40. சரக்கறை. கதவு அடைத்தது 09.40, 758.2 மி.மீ., 22.1 பாகை. இப்போது 758.1, 22.1. கசிவு இல்லை. தேடாத இடம்: நாங்கள் இருந்த கட்டுப்பாட்டறை."

அந்தக் கடைசி வரிதான் காட்சியே. ஒக்டோபரில் ஸ்வெஸ்தாவின் இடைவழி அறையில் தேயிலைத் தூளை மிதக்கவிட்டு, கதவை அடைச்சு, கமராவில் பார்த்தார்கள். தூள் நகர்ந்த பக்கம் விரிசல் இருந்தது. மலையகத்து மேடைக்கு இதைவிட வேறென்ன வேணும்! ஆனா மேடையில் தூள் கீழே விழுந்திரும். காற்றாடியை நிறுத்திட்டு ஊதுபத்திப் புகையை வையுங்க.

வளியமுக்கம்:
இன்னொன்று. கைபேசியில் அமுக்கம் பார்த்து எழுதிடாதீங்க. நுவரெலியா உயரத்தில் 610 மி.மீ. அளவுதான் காட்டும், நிலையத்துக்குள்ளே கடல்மட்ட அமுக்கம். அங்குள்ள கடிகாரமும் நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது.