2048 சாம்பிள் இல்லாத ஒற்றைச் சுழற்சி அலையெல்லாம் குப்பையா?

ஒலித்தச்சன்:

மென்பொருள் சிந்தசைசருக்கு (கணினியில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) ஒற்றைச் சுழற்சி அலைகளை (சாம்பிள் எனப்படும் எண்களின் வரிசையாகச் சேமித்து, திரும்பத் திரும்பச் சுழலவிடும் ஒரே ஓர் அலைவு) சொந்தமாக உருவாக்குவது பற்றி நேற்று நடந்த உரையாடலில், நிறைஅலை என்பவர் "ஒரு சுழற்சிக்கு 2048 சாம்பிளுக்குக் குறைந்த அலைகள் எல்லாம் குப்பை, 600 சாம்பிள் அலைகளைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் காது இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அட்வென்ச்சர் கிட் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஆயிரக்கணக்கான அலைகள் 600 சாம்பிள் நீளம் கொண்டவை. அவற்றைக் கொண்டு இசை செய்கிற அத்தனை பேரையும் ஒரே வரியில் செவிடர்களாக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கணக்கு எளியது. 600 சாம்பிள் கொண்ட ஒரு சுழற்சிக்குள் 299 ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 2, 3 என்ற முழு மடங்குகள்) முழுமையாக அடங்கும். நொடிக்கு 44100 சாம்பிள் வேகத்தில் அதை அப்படியே சுழலவிட்டால் 73.5 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். அதன் 299-ஆவது ஹார்மோனிக், அந்த வேகத்தின் உச்சவரம்பான 22050 ஹெர்ட்ஸை ஏறக்குறைய தொட்டுவிடும். 73.5 ஹெர்ட்ஸுக்கு மேலான எந்தச் சுரத்தை வாசித்தாலும் அலையில் உள்ள ஹார்மோனிக்குகளில் ஒரு பகுதியைச் சிந்தசைசரே வெட்டி எறிய வேண்டும், இல்லையென்றால் அலியாசிங் (வரம்பைத் தாண்டிய ஹார்மோனிக் மடிந்து கீழே தவறான ஒலியாக விழுவது) வரும். 440 ஹெர்ட்ஸில் 50 ஹார்மோனிக்குகளுக்குத்தான் இடம் இருக்கிறது. 2048 சாம்பிளில் அடங்குவதாக நிறைஅலை பெருமைப்படும் 1023 ஹார்மோனிக்குகளில் 973 அங்கே குப்பைத்தொட்டிக்குப் போகின்றன. குப்பை என்ற சொல்லை அவர்தான் முதலில் பயன்படுத்தினார் என்பதால் நானும் பயன்படுத்துகிறேன்.

நிறைஅலை:

என் பெயரைத் தலைப்பிலேயே போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி. நான் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. செரம் என்ற சிந்தசைசர் 2048 சாம்பிளைக் கேட்கிறது, வைட்டல் என்ற சிந்தசைசரும் 2048 சாம்பிளைக் கேட்கிறது. அந்தக் கருவிகளை எழுதியவர்களுக்குத் தெரியாதது ஒலித்தச்சனுக்குத் தெரியும் போலிருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட அலைகளை நான் என் கையால், ஒவ்வொரு ஹார்மோனிக்காக அளவு வைத்து உருவாக்கியிருக்கிறேன், அத்தனையும் 2048. இவர் உருவாக்கியவை எத்தனை என்று முதலில் சொல்லட்டும்.

ஒலித்தச்சன்:

எத்தனை அலை செய்தேன் என்பதற்கும் 299 என்ற எண்ணுக்கும் என்ன தொடர்பு? 2048 என்பது 2-இன் 11-ஆம் அடுக்கு. 2-இன் அடுக்காக இருந்தால் எஃப்எஃப்டி (அலையை ஹார்மோனிக்குகளாகப் பிரிக்கும் கணக்கு) விரைவாக நடக்கும், சாம்பிள் அட்டவணையின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பும் கணக்கு ஒரே பிட் செயலில் முடிந்துவிடும். நிரல் எழுதுகிறவரின் வசதிக்காக வந்த எண் அது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஊரைத் திட்டுவது என்ன நியாயம்?

புதுவிரல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் குரலில் 'ஆ' என்று 220 ஹெர்ட்ஸ் அளவில் பாடிப் பதிவு செய்து, அதிலிருந்து ஒரு சுழற்சியை வெட்டிச் சிந்தசைசரில் ஏற்றினேன். குரல் போலவே இல்லை, வண்டு ரீங்காரம் போல ஓர் இரைச்சல் கேட்கிறது. வெட்டிய துண்டின் நீளம் 200 சாம்பிள். நீங்கள் எல்லோரும் தரம் என்கிறீர்களே, எதை வைத்துத் தரம் என்று சொல்கிறீர்கள் என்பதையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

நிறைஅலை:

பார்த்தீர்களா? 200 சாம்பிள். நான் சொன்னதற்குச் சாட்சி தானாகவே வந்து நிற்கிறது. 2048 இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

ஒலித்தச்சன்:

அபத்தம். அவருடைய சிந்தசைசர் அந்த 200 சாம்பிளை நீட்டாமல் 2048 கட்டத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டு மீதி 1848 இடங்களைச் சுழியத்தால் நிரப்பியிருக்க வேண்டும். ஒரு துடிப்பும் நீண்ட அமைதியும் மாறி மாறி வந்தால் ரீங்காரம்தான் கேட்கும். இன்னொன்றும் உண்டு: 44100-ஐ 220-ஆல் வகுத்தால் 200.45 வருகிறது. முழு எண்ணில் வெட்டும்போது சுழற்சியின் முடிவும் தொடக்கமும் பொருந்தாமல் ஒரு படி விழும், அந்தப் படி எல்லா உயர் ஹார்மோனிக்குகளையும் கூடவே கொண்டுவரும். பத்துப் பதினைந்து சுழற்சிகளைச் சேர்த்து வெட்டி, ஒரு சுழற்சியின் நீளத்தைப் பின்னத்தோடு அளந்து, பிறகு ஒரு சுழற்சியை மறுசாம்பிள் செய்தால் (வேறு எண்ணிக்கையிலான சாம்பிள்களாகத் திரும்பக் கணக்கிட்டால்) தையல் தெரியாது. ஆனால் ஒன்றை எல்லோரும் கவனியுங்கள்: அந்தக் குரல் துண்டை நீங்கள் 2048 ஆக நீட்டினாலும் 20480 ஆக நீட்டினாலும் அதில் நூறு ஹார்மோனிக்குகளுக்கு மேல் இருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கீழ்ஸ்தாயி:

அதே பழமொழியை உங்களிடமே திருப்பிக் கேட்கிறேன். நான் 32.7 ஹெர்ட்ஸில் வாசிக்கிறவன். அங்கே 600 சாம்பிள் அலையின் கடைசி ஹார்மோனிக் 9800 ஹெர்ட்ஸுக்குச் சற்று கீழே நின்றுவிடுகிறது. காது 20000 வரை கேட்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுரத்துக்கு 611 ஹார்மோனிக்குகள் வரை இடம் இருக்கிறது. உங்கள் சட்டியில் 299-தான் இருக்கிறது. ரம்ப அலையை இரண்டு அளவிலும் செய்து கீழ் ஸ்தாயியில் வாசித்துப் பாருங்கள், ஒன்றின் மேல் துணி போர்த்தியது போல இருக்கும். "73.5 ஹெர்ட்ஸுக்கு மேலான எந்தச் சுரத்தை வாசித்தாலும்" என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே என்ன நடக்கும் என்பதை நீங்கள் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நிறைஅலை:

மிகவும் நன்றி, கீழ்ஸ்தாயி. 2048 என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் இப்போது சிரிக்கட்டும்.

ஒலித்தச்சன்:

கீழ்ஸ்தாயி சொல்வது கணக்கின்படி சரியான எண், ஆனால் அது நிறைஅலையின் கூற்றுக்கு ஆதரவாகாது. அவர் 32.7 ஹெர்ட்ஸைப் பற்றிப் பேசவில்லை. எல்லா 600 சாம்பிள் அலைகளும் குப்பை என்றார். ரம்ப அலையில் ஹார்மோனிக்கின் வலிமை 1/n என்ற விகிதத்தில் குறைகிறது (n என்பது ஹார்மோனிக்கின் வரிசை எண்). 300-ஆவது ஹார்மோனிக் அடிப்படைச் சுரத்தைவிட ஏறக்குறைய 49.5 டெசிபெல் கீழே இருக்கிறது. முக்கோண அலையில் அது 1/n² என்பதால் அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. கீழ் ஸ்தாயியில் பிரகாசமான ரம்பம் வேண்டும் என்பவர் 2048 எடுத்துக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்? காது இல்லை என்ற பேச்சைத் திரும்பப் பெறச் சொல்கிறேன்.

கீழ்ஸ்தாயி:

49.5 டெசிபெல் என்பது தனியாக ஒரு ஹார்மோனிக்கின் அளவு. 300-இலிருந்து 611 வரை முந்நூறுக்கும் மேற்பட்டவை சேர்ந்து ஒலிப்பதைத்தான் காது கேட்கிறது. எண்ணைப் பிரித்துக் காட்டிச் சிறியதாக்கும் இந்த வித்தை எனக்குப் பழக்கமானதுதான். போன ஆண்டு 16 பிட், 24 பிட் பற்றிய விவாதத்திலும் இதையே செய்துவிட்டு, நான் பதில் எழுதியதும் காணாமல் போனீர்கள்.

ஒலித்தச்சன்:

நான் காணாமல் போகவில்லை. பதில் எழுத வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

மரபுச்செவி:

உங்கள் அனைவரின் சண்டையையும் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வுல்ஃப்காங் பாம் உருவாக்கி 1982-இல் வெளிவந்த பிபிஜி வேவ் 2.2 கருவியில் ஓர் அலைக்கு 64 எண்களே சேமிக்கப்பட்டன, அதுவும் 8 பிட்டில். மறுபாதியைத் தலைகீழான கண்ணாடிப் பிம்பமாகப் படித்து 128 ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கருவியின் கண்ணாடி உடைவது போன்ற ஒலியைத்தான் இன்றைக்கும் பலர் 2048 சாம்பிளில் நகல் எடுக்கத் தவிக்கிறார்கள். எண்ணைக் கூட்டினால் அழகு கூடும் என்று யார் சொன்னது?

நிறைஅலை:

தொல்பொருள் காட்சிச்சாலைக்கு வழி கேட்டு வந்தவர் தவறான கதவைத் தட்டிவிட்டார். அன்றைக்கு நினைவகம் விலை அதிகம், வேறு வழியில்லாமல் 64 வைத்தார்கள். வறுமையை வைராக்கியம் என்று அழைக்க வேண்டாம். இன்னொரு சான்றும் தருகிறேன். நான் 2048 சாம்பிளில் வரைந்த சதுர அலையை அலைகாட்டியில் பார்த்தால் விளிம்பு நேர்க்கோடாக நிற்கிறது. ஒலித்தச்சன் போன்றவர்கள் ஹார்மோனிக்குகளைக் கூட்டிச் செய்யும் சதுர அலையில் விளிம்புக்கு விளிம்பு கொம்பு முளைத்திருக்கிறது. எது சுத்தம் என்று பார்க்கிறவர்களே முடிவு செய்யட்டும். 2048, நேரான விளிம்பு. அவ்வளவுதான்.

ஒலித்தச்சன்:

கண்ணால் இசை கேட்கிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அந்தக் கொம்புக்குப் பெயர் கிப்ஸ் விளைவு. வில்பிரகாம் 1848-இலும் கிப்ஸ் 1899-இலும் இதை எழுதிவிட்டார்கள். ஹார்மோனிக்குகளை ஓரிடத்தில் நிறுத்தினால், தாவலின் உயரத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு அளவுக்கு அலை வரம்பு மீறும். எத்தனை ஹார்மோனிக் சேர்த்தாலும் கொம்பு ஒல்லியாகுமே தவிர உயரம் குறையாது. முறையாக வரம்பிட்ட சதுர அலைக்குக் கொம்பு இருந்தே ஆக வேண்டும். நேர்க்கோடாகத் தெரிகிற உங்கள் விளிம்பில், 1023-க்கு மேலே போயிருக்க வேண்டிய ஹார்மோனிக்குகள் மடிந்து கீழே விழுந்து, மற்றவற்றின் அளவைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. முந்நூறு அலைகளை ஒவ்வொரு ஹார்மோனிக்காக அளவு வைத்துச் செய்ததாக முன்பு சொன்னீர்கள். ஹார்மோனிக்கைக் கூட்டிச் செய்தால் கொம்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் நீங்கள் கோடு போட்டு வரைந்திருக்கிறீர்கள். இரண்டில் எது உண்மை?

நிறைஅலை:

சதுர அலையை மட்டும் வரைந்தேன். மற்றவற்றைக் கூட்டினேன். குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்கிற தொனி வேண்டாம். எப்படிச் செய்தாலும் அது 2048.

மரபுச்செவி:

ஃபேஸ் (ஒவ்வொரு ஹார்மோனிக்கும் தன் சுழற்சியின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது) பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரே ஹார்மோனிக் அளவுகளை வைத்துக்கொண்டு ஃபேஸை மட்டும் கலைத்தால் அலையின் படம் அடியோடு மாறும், நடு ஸ்தாயியில் காதுக்குப் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். ஓம் 1843-இல் சொன்ன விதி இதுதான். அலைகாட்டிப் படத்தைக் காட்டி வாதாடும் இருவரும் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

கீழ்ஸ்தாயி:

கீழ் ஸ்தாயியில் ஒன்று போல இருக்காது. 40 ஹெர்ட்ஸில் ஃபேஸைக் கலைத்த ரம்பத்தில் ஒவ்வொரு துடிப்பும் மழுங்குவதைத் தெளிவாகக் கேட்கலாம். அதன்பின் டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைக்கும் விளைவு) வைத்தால் இரண்டும் வெவ்வேறு கருவிகள் ஆகிவிடும். வேவ்டேபிளில் (ஒற்றைச் சுழற்சி அலைகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பு) பக்கத்துப் பக்கத்து அலைகளின் ஃபேஸ் முரண்பட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அழித்து நடுவில் ஒலி பள்ளமாகும். எல்லாவற்றுக்கும் நடு ஸ்தாயியையே உதாரணம் காட்டுகிறீர்கள். அதற்குக் கீழே இருக்கிறவர்கள் மனிதர்கள் இல்லையா?

ஒலித்தச்சன்:

ஃபேஸுக்கும் 600-க்கும் தொடர்பில்லை. 600 சாம்பிளிலும் ஃபேஸைச் சீர்செய்யலாம். பேச்சை மாற்ற வேண்டாம்.

நிறைஅலை:

பேச்சை மாற்றுவது யார்? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். சிந்தசைசரில் அலையை வளைக்கும் வசதியைப் போட்டால், சுழற்சியின் ஒரு பகுதி மெதுவாகவும் மறுபகுதி வேகமாகவும் படிக்கப்படுகிறது. மெதுவாகப் படிக்கப்படும் பகுதி இழுபட்டு, அங்கே உயர் ஒலி மங்குகிறது. 600 சாம்பிள் அலை அந்த இடத்தில் மூன்று மடங்குக்கும் முன்னதாகவே மங்கிவிடும், 2048 தாங்கும். என் அலைகள் அப்படி வளைப்பதற்காகவே செய்யப்பட்டவை.

ஒலித்தச்சன்:

வளைப்பதைப் பற்றி நேற்று ஒரு சொல்லாவது எழுதினீர்களா? இன்றைக்கு, கணக்கில் தோற்றபின் எழுதுகிறீர்கள். அந்த வசதியைத் தொடாதவருக்கு 600 குப்பையா இல்லையா என்பதுதான் கேள்வி. 73.5 ஹெர்ட்ஸுக்கு மேலே, வளைக்காமல் வாசித்தால், உங்கள் 2048-ஐயும் என் 600-ஐயும் எவராலும் பிரித்தறிய முடியாது. இதை நூறு முறை எழுதவும் நான் தயார்.

புதுவிரல்:

ஒலித்தச்சன் ஐயா சொன்னபடி பன்னிரண்டு சுழற்சிகளை அளந்து மறுசாம்பிள் செய்தேன். ரீங்காரம் போய்விட்டது, நன்றி. இப்போது 220 ஹெர்ட்ஸில் 'ஆ' என்று தெளிவாகக் கேட்கிறது, ஆனால் ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் கார்ட்டூன் பொம்மை பேசுவது போலாகிவிடுகிறது. இதற்கும் சாம்பிள் எண்ணிக்கைதான் காரணமா?

நிறைஅலை:

600-ஐ விட்டு 2048-க்கு வந்தால் சரியாகும் என்று நினைக்கிறேன்.

ஒலித்தச்சன்:

சரியாகாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் அது எல்லாக் கேள்விக்கும் விடையாகிவிடாது. 'ஆ' என்பதை 'ஆ' ஆக்குவது வாயறையின் அதிர்வுகள். பாடுகிறவர் சுரத்தை உயர்த்தினாலும் அவை ஏறக்குறைய அதே ஹெர்ட்ஸில் நிற்கும். ஒற்றைச் சுழற்சியில் அவை ஹார்மோனிக்கின் வரிசை எண்ணோடு ஒட்டிக்கொள்வதால், ஒரு ஸ்தாயி மேலே போனால் வாயறையும் பாதியாகச் சுருங்கியது போலக் கேட்கும். ஸ்தாயிக்கு ஓர் அலையாவது தனியாகப் பாடிப் பதிவு செய்யுங்கள், அல்லது ஹார்மோனிக்குகள் நிறைந்த அலையின் மேல் இரண்டு மூன்று பேண்ட்பாஸ் ஃபில்டரை (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை மட்டும் கடத்தும் வடிகட்டி) அசையாமல் நிறுத்துங்கள். இதில் 2048-க்கு எந்த வேலையும் இல்லை என்பதை நிறைஅலை ஒருமுறையாவது எழுதட்டும்.

கீழ்ஸ்தாயி:

நீங்களும் 32.7 ஹெர்ட்ஸில் 600 போதாது என்று ஒருமுறையாவது எழுதுங்கள்.

ஒலித்தச்சன்:

எண் சரி என்று முன்பே எழுதிவிட்டேன். போதாது என்று நான் எழுத மாட்டேன்.

நிறைஅலை:

நான் அடுத்த வாரம் இன்னும் ஐம்பது அலைகளை வெளியிடுகிறேன். எல்லாம் 2048. ஒலித்தச்சன் பதிவிறக்க வேண்டியதில்லை.