மேலூர் வீட்டுக் குழு: முதுகு வலிக்கிற குதிரையை வண்டியில் பூட்டலாமா?

மேலூர் சித்தப்பா: நம்ம குதிரை சேணத்தைக் கண்டாலே காதை மடக்குகிறது. ஏறினால் துள்ளுகிறது. முதுகில்தான் கோளாறு என்கிறார் லாடம் கட்டுகிறவர். சவாரியை விட்டுவிட்டு வண்டிக்குப் பழக்கலாமா? டாக்டர் தாயி, நீ சொல்.

பெரியப்பா: வண்டியை மார்பால்தானே இழுக்கும்? முதுகில் ஏது பாரம்?

டாக்டர் பாப்பா: பட்டை மார்பில் இருந்தாலும் உந்துவது பின்னங்கால்கள், பெரியப்பா. அந்த விசை இடுப்பு, முதுகு வழியாகத்தான் முன்னால் வருகிறது. இடுப்பு மூட்டில் வலி இருந்தால் மேட்டில் இழுப்பது சவாரியைவிடக் கொடுமையாகிவிடும்.

டாக்டர் பாப்பா: நம் ஊர் வண்டிக்கு இரண்டு சக்கரம்தான். ஆள் முன்னால் தள்ளி உட்கார்ந்தால், குதிரையின் இரண்டு பக்கமும் நீளுகிற வண்டி மரங்கள் வழியாகப் பாரம் முதுகுப்பட்டையில் இறங்கும். நான்கு சக்கர வண்டியில் அந்த அமுக்கம் இல்லை, ஆனால் வண்டியே கனம்.

அத்தை: அப்படியென்றால் முடியவே முடியாதா? விற்றால் யார் கையில் சிக்குமோ, பாவம்.

டாக்டர் பாப்பா: முடியாது என்று சொல்லவில்லை அத்தை. சேணம் பொருந்தாமல் சதை நொந்திருந்தால், ஓய்வு கொடுத்து சேணத்தை மாற்றினால் சவாரிக்கே திரும்பலாம். முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுகிற நோயும் உண்டு, பெரும்பாலும் சேணம் உட்காருகிற இடத்தில்தான் வரும். சிகிச்சைக்குப் பிறகு அதில் சில குதிரைகள் இலேசான வண்டிக்கு ஒத்துவரும். பின்னங்கால் வலிகூட முதுகு வலி போலவே காட்டும். எது என்று தெரியாமல் பூட்டவே கூடாது. அமுக்கிப் பார்த்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இங்கே முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவோம், நானும் வருகிறேன்.

தம்பி: அக்கா, வண்டி விற்கிறவர் நாளைக்கே பூட்டிக் காட்டுகிறேன் என்கிறார்.

டாக்டர் பாப்பா: வேண்டவே வேண்டாம்டா! வலியில் மிரண்டு ஓடினால் வண்டியும் பின்னாலேயே முட்டிக்கொண்டு வரும், அது இன்னும் மிரளும். நான்குவழிச் சாலையில் என்ன ஆகும்? நோயால் வேலைக்குத் தகாத பிராணியை வேலை வாங்குவது 1960 பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மேலூர் சித்தப்பா: தேறினால் எப்படிப் பழக்குவது?

டாக்டர் பாப்பா: முதலில் வண்டியே இல்லாமல், நீள வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து திருப்பப் பழக்குங்கள். அப்புறம் பழைய டயரை இழுக்கவிடுங்கள். வெற்று வண்டி கடைசியில்தான், அதுவும் சமதரையில். வாலை விசிறி விசிறி அடித்தாலோ முதுகை இறக்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். நம் வெயிலையும் பாருங்கள். 37 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது என்று, வண்டி இழுக்கிற பிராணிகளுக்கான 1965 அரசு விதிகளே சொல்கின்றன.

பெரியப்பா: இவ்வளவு இருக்கிறதா! தம்பி, வண்டிக்காரருக்கு இப்போதே போன் போடு.

மேலூர் சித்தப்பா: நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமைக்கு வண்டி பேசட்டுமா தாயி, குதிரையை ஏற்றிவர?

டாக்டர் பாப்பா: பேசுங்கள் சித்தப்பா. தரையில் வழுக்காமல் வைக்கோலும் மண்ணும் போடச் சொல்லுங்கள். சேணத்தையும் கூட எடுத்து வாருங்கள், முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும்.