இறங்கிய ஃபிளாப் ஏற மறுக்கிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். திருமங்கலம் அருகே ஒரு கொட்டகையில் நான் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில், 12 வோல்ட் மோட்டார் இயக்கும் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் பலகை) முழுவதும் இறங்கி, எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சைத் தொட்டுவிட்டால், மீண்டும் ஏறுவதில்லை. அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் மட்டுமே ஏறுகிறது.

மூன்று வாரமாக இதே நிலைதான். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஃபியூஸ் போகவில்லை. ரிலேக்களை (காயிலின் காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இடம் மாற்றினேன், எர்த் இணைப்பைச் சுரண்டி முடுக்கினேன். லிமிட் சுவிட்சுக்குக் குறுக்கே, எதிர்த்திசை மின்னோட்டத்துக்காகப் போட்டிருந்த 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடுவது) எந்தப் பக்கமும் கடத்தவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய புதியதும் நான்கே முறை வேலைசெய்து, உடல் பிளந்து கருகிவிட்டது. மோட்டார் 4 ஆம்பியர் இழுக்கிறது, டயோடோ 1 ஆம்பியருக்கானது என்பதை அப்போதுதான் கவனித்தேன், என் தவறுதான்.

6 ஆம்பியர் டயோடு போட்டால் போதுமா, அல்லது லிமிட் சுவிட்சை ரிலே காயிலின் பாதைக்கே மாற்றுவதுதான் முறையா?