பிள்ளைகளின் ஓட்டுநர் உரிமம்: ஆறு மணி நேரமும் ஐம்பது மணி நேரமும்

கலிபோர்னியாவிலிருந்து ஒரு தாய்:

எங்கள் மகள் ஓட்டுநர் கல்விப் பாடத்தை முடித்து, 46 கேள்விகளில் 38-க்காவது சரியாக விடையளிக்க வேண்டிய எழுத்துத் தேர்விலும் தேறி, பதினாறு வயது நிரம்பும் முன்பே பெர்மிட் (ஓட்டிப் பழகுவதற்கான அனுமதி) வாங்கிவிட்டாள். ஆனால், பயிற்றுநர் முதல் வகுப்பை எடுத்து அந்தப் பெர்மிட்டில் கையொப்பமிடும் வரை அது செல்லாது என்பதும், அதுவரை பெற்றோர் பக்கத்தில் இருந்தாலும் பிள்ளை ஓட்டக் கூடாது என்பதும் நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை.

பயிற்றுநருடன் ஓட்ட வேண்டியது 6 மணி நேரம். 25 வயது நிரம்பிய, உரிமம் உள்ள ஒருவருடன், பெரும்பாலும் நம்முடன், ஓட்ட வேண்டியது 50 மணி நேரம். ஆக, உண்மையான ஆசிரியர் யார் என்பதில் ஐயமில்லை. தடம் மாறும்போது தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருக்க, என் கணவரோ கண்ணாடியைப் பார்த்தால் போதும் என்றார். "அப்பா, டெஸ்டில் இதற்குத்தான் பாயிண்ட் போகும்" என்று மகள் சொன்ன பிறகு அவரும் கழுத்தைத் திருப்பத் தொடங்கினார்.

அந்த ஐம்பதில் 10 மணி நேரம் இரவில் ஓட்டியாக வேண்டும். ஜூன் மாதத்தில் இருட்டுவதற்கே ஒன்பது மணி ஆகிவிடும். நவம்பரிலோ ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே, பெர்மிட்டுடன் காத்திருக்க வேண்டிய ஆறு மாதங்களுக்குள் குளிர்காலம் வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது. மணிக்கணக்கை உறுதி செய்வது நம் கையொப்பம் மட்டுமே என்பதால் ஏட்டளவில் நிரப்புவோரும் இருக்கிறார்கள். பிள்ளையால் நேரும் சேதத்துக்கான பணப் பொறுப்பையும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்டவர்கள் எந்தத் துணிச்சலில் அப்படிச் செய்கிறார்களோ!

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி சொல்வது சரியே. இங்கும் பயிற்றுநருடன் 6 மணி நேரம்தான். 17 வயதில், கட்டுப்பாடுகளுடன் கூடிய தற்காலிக உரிமம் கிடைக்கும். 2010 முதல், 21 வயதுக்குட்பட்ட புதிய ஓட்டுநர்களின் வண்டியில் முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். என் மகனுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. ஆனால் எங்களுக்கு வந்த சங்கடம் வேறு. நண்பர் ஒருவர் தம் இரு பிள்ளைகளையும் நீச்சல் பயிற்சிக்கு அவனுடன் அனுப்பலாமா என்று கேட்டார். பெற்றோர் உடன் இல்லாதபோது வெளியார் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்ற விதியைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. இப்போது மூத்தவன் எங்கள் வண்டியில் போகிறான். இளையவளை அவரே அழைத்துச் செல்கிறார்.