புதுப்பிப்பு: ஓ-கோனிக்ஸ்பூர்க் கோட்டைக்கு நடந்தே ஏறிவிட்டோம்

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மலைமேல் இருக்கும் இந்தக் கோட்டைக்கு, ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்து ஒரே நாளில் போய்வர, பேருந்து இல்லாமல் நடந்து ஏற முடியுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். முடியும், தாராளமாக.

காலை ரயிலில் செலெஸ்தா என்ற ஊர். அங்கிருந்து மலையடிவாரத்துக் கின்ட்ஸ்ஹைம் ஊர் வரை திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய சமதளம், சீக்கிரம் கடந்துவிடலாம். அதற்கப்புறம்தான் காடு. கோட்டை 757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் ஊரைத் தாண்டியதும் விடாத ஏற்றம்; மூச்சு வாங்கும், ஆனால் மரங்களில் வண்ணக் குறிகள் இருப்பதால் வழி தவறாது. பாதையெல்லாம் செஸ்ட்நட் கொட்டைகள், முள்தோடு வெடித்து, உள்ளே பளபளவென்று பழுப்பாக. அம்மா நின்று நின்று பொறுக்கினாங்க.

மேலே சிவந்த மணற்கல் சுவர் திடீரென்று மரங்களுக்கு மேல் எழும்பும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. 1633-இல் ஸ்வீடன் படை முற்றுகையிட்டு அழித்த கோட்டை இது. அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்த காலத்தில், 1900 முதல் 1908 வரை, ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்முக்காக போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞர் மீட்டெடுத்தார். புதுசாகக் கட்டியதுதானே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெரிய கொத்தளத்தில் நின்று ரைன் சமவெளியையும் அந்தப் பக்கம் ஜெர்மனியின் கருங்காட்டு மலைகளையும் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

பேருந்து நாள் பார்த்துத்தான் ஓடுகிறது, அதை நம்பினால் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கீழே இறங்கி வந்ததுகூட நடந்தேதான்.