கொல்லன் உலையில கை வச்சவங்க சொல்லுங்க: கெட்டுப்போய் இன்னும் உறுத்திக்கிட்டே இருக்குற ஒரு இரும்பு வேலை

பள்ளத்தூரான்:
ரெண்டாங்கட்டு ஜன்னல் கம்பி. இடிச்ச வீட்டுச் சாமான், காரைக்குடி பழைய சாமான் தெருவுல எடை போட்டுக் கொடுப்பாங்களே, அதுதான். 20 எம்எம் சதுரம். உளி அடிக்க முனையை இழுத்தா, ஆரஞ்சு நிறத்துல நாலாவது அடிக்கே ரெண்டாப் பிளந்துச்சு. பிளந்த வாயைப் பாக்கணுமே! கடிச்சுத் துப்புன கரும்புச் சக்கை மாதிரி நார் நாரா இருக்கு, நாருக்கு நடுவுல கறுப்புக் கோடு. அதை வெட்டிப் போட்டுட்டு மறுமுனையை ஒருவழியா இழுத்து, காந்தம் ஒட்டாத சூட்டுல தண்ணியில முக்கி அரத்தை வச்சா, அரம் பாட்டுக்கு இறங்குது, இரும்பு இறுகவே இல்லை. மூணு தடவை தோய்ச்சல் போட்டும் அதே கதை. வித்தவர் ‘சீமை உருக்கு’ன்னு சொல்லித்தான் வித்தார். இது என்ன இரும்புன்னு யாராவது சொல்லுங்கப்பா.

ரஸ்தா உலை:
அண்ணே, அது தேனிரும்பு. உருக்கே இல்லை. கரி (கார்பன்) அதுல 0.1 சதவீதத்துக்கும் கீழதான், முப்பது தடவை முக்குனாலும் இறுகாது. அந்தக் கறுப்புக் கோடு கசடு. உருக்காம அடிச்சு அடிச்சுச் சேர்த்த இரும்புங்கிறதால கசடு உள்ளயே நார் மாதிரி நீண்டு கெடக்கும். ஆரஞ்சுல அடிச்சா நாருக்கு நார் விட்டுப்போகும். தேனிரும்பை நல்ல மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளைக்குப் போற சூட்டுலதான் அடிக்கணும். நிறம் ஆரஞ்சுக்கு இறங்குனதும் சுத்தியலைக் கீழ வச்சுட்டு மறுபடி உலையில போடுங்க. மைல்டு ஸ்டீல் (கரி கம்மியான சாதா உருக்கு) பழகுன கைக்கு இது ரொம்பக் கஷ்டம், அதுல ஆரஞ்சுலயும் தாராளமா அடிக்கலாமே.

வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே தெரிஞ்சுக்கலாம். கம்பி நுனியில பாதி ஆழத்துக்கு அறுத்து, வைஸ்ல கடிச்சு வளைங்க. நார் நாராக் கிழிஞ்சா தேனிரும்பு. சாம்பல் நிறத்துல மணல் மாதிரி பொடிப்பொடியா முறிஞ்சா உருக்கு. கிரைண்டர் பொறியிலயும் தெரியும். தேனிரும்புப் பொறி நீளமாப் போகும், நுனியில பூ விரியாது. கரி கூடுன உருக்குல பொறி குட்டையா, கல்லை ஒட்டியே மத்தாப்பூ மாதிரி வெடிக்கும்.

இன்னொண்ணு. ஒரே ஜன்னல்ல ரெண்டும் கலந்து இருக்கும். 1856-ல பெஸ்ஸமர் முறை வந்தபிறகு மலிவு உருக்கு கொஞ்சம் கொஞ்சமா தேனிரும்பைத் தள்ளிருச்சு. நம்ம ஊர் பெரிய வீடுகள்ல நிறைய அந்த மாறுற காலத்துல எழும்புனது. ஒரு கம்பியைச் சோதிச்சுட்டு மிச்சம் பத்தையும் அதேன்னு நினைச்சிறாதீங்க.

தேனிரும்புல எனக்கு உறுத்துனது உளி இல்லை, கொண்டி. கதவுக் கொண்டிக்கு நுனியில இருந்து 8 எம்எம் தள்ளி 10 எம்எம் ஓட்டை போட்டது தப்பு. பஞ்ச் இறங்கும்போதே ஓட்டையில இருந்து நுனி வரைக்கும் நார் வழியா வாய் திறந்துருச்சு. சத்தமே இல்லை, பூ விரியுற மாதிரி விரிஞ்சுச்சு. 10 எம்எம் ஓட்டைக்கு நுனியில குறைஞ்சது 20 எம்எம் சதை வேணும். இல்லைன்னா ஓட்டையை முதல்ல போட்டுட்டு, நுனியை அப்புறமா வெட்டணும்.

குன்னக்குடி சம்மட்டி:
கத்தி. லாரி ஸ்பிரிங் பட்டை, 8 எம்எம், அதுல 3 எம்எம்முக்கு இழுத்தது. அடிச்சது, ராவுனது, எல்லாம் சரி. காந்தம் ஒட்டாத சூட்டுக்கு ஒரு படி மேல போய், வாளித் தண்ணியில நேரா இறக்குனா ‘டிங்’. கொலுசு மணி ஒண்ணு தரையில விழுந்தா எப்படி, அந்த அளவு சத்தம்தான். வெளியே எடுத்தா வாயில இருந்து முதுகு வரைக்கும் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. ரெண்டு நாள் ராவுன வேலை போச்சு.

காரணம் தெரிஞ்சதுதான். ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் இஎன் 45 வகை: கரி 0.5-க்கு மேல, சிலிக்கான் 1.5-க்கு மேல. எண்ணெய்க்குப் பொறந்த உருக்கு அது. மெல்லிசான வாயைத் தண்ணியில விட்டா, வாய் முந்தி இறுகும், முதுகு பிந்தி இறுகும். அந்த இழுபறியில வெடிக்கும். 5 லிட்டர் கடலை எண்ணெய், உயரமான தகர டின், ஒரு துண்டு இரும்பைக் காயவச்சு உள்ள போட்டு எண்ணெயை 50, 60 டிகிரிக்குக் கொண்டு வந்துட்டு முக்குங்க. குளிர்ந்த எண்ணெய் கெட்டியா இருக்கும், இரும்பைச் சுத்தி ஆவி நிக்கும், சூட்டை இழுக்காது. டின்ல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. மூடி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்.

புதுவயல்:
தம்பி, உங்க கத்தி வெடிச்சதுக்குத் தண்ணி மேல பழி போடாதீங்க. இந்தச் சீமையில அருவாள் அடிக்கிறவங்க எல்லாம் இதே ஸ்பிரிங் பட்டையைத் தண்ணியிலதான் முக்குறாங்க. திருப்பாச்சேத்தி அருவாளுக்கு யாரு கடலை எண்ணெய் ஊத்துனா?

முழுசா முக்குனதுதான் தப்பு. பட்டறையில நின்னு பாருங்க, வாயை மட்டும் ஒரு விரக்கடை தண்ணியில விட்டு, ஆட்டிக்கிட்டே ரெண்டு மூணு எண்ணி எடுத்துருவாங்க. முதுகு அப்பவும் செவப்பாத்தான் இருக்கும். உடனே செங்கல் துண்டுல வாயைத் தேய்ச்சு வெள்ளையாக்கி நிறத்தைக் கவனிப்பாங்க. முதுகுச் சூடு கீழ இறங்கும்: முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, மயில்கழுத்து. ஊதா மயில்கழுத்தைத் தொடும்போது முழுசா முக்கிருவாங்க. வெட்டுற அருவாளுக்கு அந்தப் பதம். அதுக்கு முன்னாடி நிறுத்துனா கட்டையில பட்டதும் வாய் பல்லு பல்லாப் போயிரும், தாண்ட விட்டா மடங்கிரும்.

இதுல பட்டையோட தரம் வேற இருக்கு. லாரியில பத்து வருசம் ஆடுன பட்டையில கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். அதுக்குச் சோதனை: பட்டையை உரசிச் சுத்தம் பண்ணி மண்ணெண்ணெய் தடவுங்க, பத்து நிமிசம் விடுங்க, துணியால நல்லாத் துடைங்க, மேல சாக்பீஸ் பொடியைத் தூவுங்க. வெடிப்பு இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் ஊறி வெளிய வந்து பொடியில ஈரக்கோடு விழும். போல்ட்டு ஓட்டை இருக்குற நடுப்பகுதியைத் தொடவே தொடாதீங்க, வெடிப்பு அங்கதான் ஆரம்பிக்கும். அடிச்சு முடிச்சதும் மூணு தடவை செவப்பாக்கி, காத்துல, சாம்பல்ல இல்லை, காத்துல ஆறவிட்டீங்களா? அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதலை. முறிச்சா மணல் மாதிரித் தெரியுமே, இரும்புக்குள்ள இருக்குற அந்தப் பொடி அடிச்ச சூட்டுல பருத்துப் போயிருக்கும். அதைச் சரிபண்ணாம முக்குனா எண்ணெயிலயும் வெடிக்கும். என்னைக் கேட்டா உங்க கத்தி வெடிச்சது இதுலதான்.

குன்னக்குடி சம்மட்டி:
அண்ணே, அருவாள் முதுகு 8 எம்எம், உள்ள சூடு தேங்கி நிக்கும். 3 எம்எம் கத்தியில முதுகும் வாயும் ஒரே நேரத்துல ஆறிரும், நிறம் இறங்க மிச்சச் சூடே இருக்காது. நீங்க சொல்ற முறை இங்க ஓடாது. அதனாலதான் எண்ணெய், அப்புறம் 200-ல இருந்து 220 டிகிரிக்குள்ள ரெண்டு மணி நேரம் அடுப்பு. மூணு தடவை ஆறவிடாதது தப்புதான். ஒத்துக்குறேன்.

கோட்டையூர் கரி:
எண்ணெய்ன்னதும் வண்டியில இறக்குன பழைய ஆயிலைத் தேடி ஓடாதீங்க. அந்தப் புகையைச் சுவாசிக்க முடியாது, உள்ள தண்ணியும் கலந்திருக்கும். டின் அடியில தண்ணி நின்னா, செவந்த இரும்பு பட்டதும் ஆவியாகி எண்ணெயை மேல தூக்கி வீசும். பலகாரக் கடையில சுட்டு மிஞ்சுன எண்ணெய் போதும். துணியில வடிகட்டி, 110 டிகிரி வரைக்கும் காய்ச்சி, சடசடப்பு முழுசா அடங்குன பிறகு ஊத்துங்க. முறுக்கு வாசனை வரும். பக்கத்து வீட்டுல எட்டிப் பாப்பாங்க.

தேவகோட்டை கொறடு:
கொறடு. எல்லாரும் இதைச் செஞ்சிருப்பீங்க, யாரும் சொல்ல மாட்டீங்க. ரெண்டு பாதியையும் சாக்பீஸ்ல வரைஞ்சு, ஒண்ணு வலக்கை ஒண்ணு இடக்கைன்னு கண்ணாடியில பாக்குற மாதிரி எதிரெதிரா அடிச்சு முடிச்சு, ரிவிட் போடப் பொருத்துனா ரெண்டு வாயும் ஒரே பக்கம் திரும்பி நிக்கும். கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாலும் வாய் சேராது. ரெண்டு பாதியும் அச்சு அசல் ஒண்ணா இருக்கணும். ஒண்ணைக் குப்புறப் போட்டாத்தான் ஜோடி.

அளவு: 20-க்கு 10 பட்டைக் கம்பி, ஆளுக்கு 400 எம்எம். வாய்க்கு 40. அங்க பட்டடை (இரும்பை வச்சு அடிக்கிற அடிக்கட்டி) விளிம்புல பாதிக் கனம் இறக்கி, கால் திருப்புத் திருப்பி, ரிவிட் போடுற கண்ணுக்கு 25, மிச்சம் பிடி. இறக்குற இடத்துல விளிம்பு கூர்மையா இருந்தா மூலையில மடிப்பு விழும். ஆறு மாசம் கழிச்சு சரியா அந்த மடிப்புலதான் ஒடியும். பட்டடை விளிம்பை 3 எம்எம் ஆரத்துக்கு உருட்டி ராவி வச்சுக்கங்க. ரிவிட் 8 எம்எம், செவக்கக் காய்ச்சி அடிச்சதும் இறுகிக்கும். கொறட்டை அப்படியே முழுசாச் செவக்க வச்சு, நீங்க பிடிக்கப்போற கம்பியை வாயில கொடுத்து அடிச்சுப் படியவச்சு, ஆறுற வரைக்கும் திறந்து மூடிக்கிட்டே இருங்க. ஆறவிட்டுட்டுத் திறக்கப் பாத்தா முடியாது.

கானாடுகாத்தான் கம்பி:
பணியாரக் கம்பி. சின்ன வேலைதானேன்னு நினைச்சது. 6 எம்எம் கம்பி, 300 நீளம். நுனியை உருண்டையாவே வச்சு உருட்டி உருட்டி இழுத்தா, நுனி மீன் வாய் மாதிரி உள்ள குழிஞ்சு, கடைசியில நடுவுல பிளந்துச்சு. மேல்தோல் மட்டும் நீண்டுச்சு, நடு அப்படியே நின்னுருச்சு. முதல்ல நுனியில ஒரு குட்டைச் சதுரக் கூம்பு, அதை 60 எம்எம்முக்குச் சதுரமாவே இழு, மூலையை அடிச்சு எட்டுப் பட்டம், அப்புறம்தான் உருண்டை. கம்பி மெல்லிசு, ரெண்டு மூச்சுக்குள்ள சூடு போயிரும். செவப்பு மங்குனா நிறுத்து.

மறு நுனியில வளையத்துக்குக் கணக்கு வேணும். உள்விட்டம் 20-ன்னா 20-ஐ 3.14-ஆல பெருக்கக்கூடாது, கம்பிக் கனத்தைக் கூட்டி 26-ஐப் பெருக்கணும்: 82 எம்எம். 63-ன்னு போட்டு வளைச்சா வளையம் மூடாம பல்லு இளிக்கும். வீட்டு வேலைக்கு வந்த முறுக்குக் கம்பி மிச்சம் கெடக்குன்னு அதை எடுக்காதீங்க, மேல இருக்குற வரிப்பல்லு அடிக்க அடிக்க மடிஞ்சு உள்ள போகும், அந்த மடிப்புல மாவு தங்கும். வழவழக் கம்பிதான். கறுத்த சூட்டுல நல்லெண்ணெய் தடவிருங்க. நுனி ஊசியா வேண்டாம், 1.5 எம்எம் மழுக்கா இருக்கட்டும். ஊசியா இருந்தா பணியாரத்தைத் திருப்பாது, குத்திக்கிட்டு உள்ள போயிரும். ஆச்சி ஒரே ஈட்டுல கண்டுபிடிச்சுருவாங்க.

பெயர் வேண்டாம்:
துத்தநாகப் பூச்சு போட்ட ஜிஐ பைப்பை உலைக்கு ஊதுகுழலா வச்சது. கரிக்குள்ள இருந்த நுனியில இருந்து வெள்ளைப் புகை, அப்புறம் பைப் மேல பஞ்சு மாதிரி வெள்ளைப் பொடி. துத்தநாகம் 907 டிகிரியில கொதிக்கும், உலை அதைத் தாண்டும். ராத்திரி குளிர்காய்ச்சல். பூச்சு இல்லாத கறுப்பு பைப் வாங்குங்க, வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை.

புதுவயல்:
வினிகர்ல ஊறப்போட்டா பூச்சு போயிரும்னு சொல்வாங்களே?

பெயர் வேண்டாம்:
வெளிப்பூச்சு போகும். பைப் உள்பக்கம்? கறுப்பு பைப் வாங்குங்க.

ரஸ்தா உலை:
பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு தேடுறவங்க இங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்கன்னு தெரியும். ரசீது இல்லாம வீட்டுல வச்சிருந்தா 1966-ஆம் வருச ரயில்வே சொத்துச் சட்டம் இருக்கு, வாங்குனவருக்கும் சேர்த்துத்தான். தண்டவாளமா இருந்தாலும் படுக்கப் போடாதீங்க, நடுவுல இடுப்பு ஒல்லி, அடிக்கு அடி துள்ளும். செங்குத்தா நிறுத்துனா சுத்தியலுக்கு நேர் கீழ மொத்த எடையும் நிக்கும். அதுக்குத் தண்டவாளம்தான் வேணும்னு இல்லை. 100 எம்எம் விட்டம், 300 நீளம் உருளை ஷாஃப்ட் துண்டு கிட்டத்தட்ட 18 கிலோ வரும். புளியங்கட்டையில குழி வெட்டி, அடியில மணல் போட்டு நிறுத்துங்க. ஆணி அடிச்சு நிறுத்துனா கட்டை காஞ்சதும் ஆணி தளர்ந்து மணி அடிக்கிற மாதிரி சத்தம் வரும்.

கோட்டையூர் கரி:
சத்தம்னதும் ஞாபகம் வருது, சீமைக்கருவேலங்கரி. கரிமூட்டம் பிரிச்ச சூட்டோட வாங்குன மூட்டையில பாதி வேகாத கட்டை. ஊதுனதும் படபடன்னு வெடிச்சு பொறி கூரை வரைக்கும் போச்சு. கரி ரெண்டைத் தட்டிப் பாருங்க, ஓடு மாதிரி கிணுங்கணும். ‘மொத்’துன்னா உள்ள கட்டை. துண்டு எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கட்டும், பெருசா இருந்தா இடுக்குல காத்து நேரா வந்து இரும்புலயே படும், செதில் செதிலா உரியும். பொறி கூடுதுன்னு தண்ணி தெளிக்காதீங்க, காத்தைக் குறைங்க.

பள்ளத்தூரான்:
நாலு கம்பியையும் அறுத்து வளைச்சுப் பாத்தாச்சு. ரெண்டு நார், ரெண்டு சாம்பல். சாம்பல் ரெண்டும் பொறியில பூ கொஞ்சம்தான், மைல்டு ஸ்டீல் போல, அதுவும் உளிக்கு ஆகாது. நார்க்கம்பியை மஞ்சள் சூட்டுலயே வச்சு அடிச்சதுல பிளவே இல்லை, நாதாங்கி ரெண்டு வந்துருச்சு. உளிக்கு லாரி ஸ்பிரிங் எடுக்கணும். சாக்பீஸ் சோதனைக்கு மண்ணெண்ணெய் இப்ப எங்கப்பா கெடைக்குது, டீசல் ஆகுமா?