சுத்தம் செய்தும் கணினி அணைகிறது: ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டுமா, வேண்டாமா?

கோயில்தொண்டன், சாட்ஸ்வொர்த்
வணக்கம். எங்கள் கோயில் அலுவலகக் கணினி உயிரை வாங்குகிறது. எட்டு வருடப் பழசு, விண்டோஸ் 10. ரசீது அடிக்கும்போது திடீரென்று திரை இருண்டு, தானே மறுபடி எழுந்து வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. போன வாரம் இணையத்தில் கிடைத்த ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரை ஓட்டினேன். 1,143 பிழைகள் என்று சிவப்பில் காட்டியது. பயந்துபோய் எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்லி அழுத்திவிட்டேன். அணைவது நிற்கவில்லை. அதோடு காவடி எடுப்பவர்கள் பட்டியல் வைத்திருக்கும் பழைய புரோகிராமும் இப்போது திறக்க மறுக்கிறது. தைப்பூசத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கிளீனரை இன்னொரு தடவை ஓட்டட்டுமா?

கடைக்காரன், பீனிக்ஸ்
வேண்டாம் தம்பி, இருப்பதும் போய்விடும். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பேரேடு. எந்த புரோகிராம் எங்கே இருக்கிறது, எந்த டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு புரோகிராம்) எப்போது ஏற வேண்டும், எல்லாக் கணக்கும் அதில்தான். அதில் ஆயிரம் வரியை அடித்தாலும் சில நூறு கிலோபைட்தான் மிச்சமாகும். வேகமும் கூடாது, அணைவதும் நிற்காது. இந்த வகை மென்பொருளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. சிவப்பில் காட்டும் எண்ணிக்கை உங்களைப் பயமுறுத்திப் பணம் கட்ட வைப்பதற்கு.

பழையவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
மைக்ரோசாஃப்ட் சொன்னால் வேதவாக்கா? தொண்ணூறுகளில் ரெக்கிளீன் என்று ஒன்றை அவர்களே இலவசமாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு நல்லது, இன்றைக்குக் கெட்டதா? நான் 15 வருடமாக மூன்று கணினிகளில் கிளீனர் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. போன வருடம் என் மகளின் மடிக்கணினியில் தினம் நீலத்திரை, விண்டோஸ் தடுமாறி நின்றுவிடும்போது வரும் பிழைத்திரை. என்றோ நீக்கிய ஆன்டிவைரஸின் டிரைவர் பதிவு ரெஜிஸ்ட்ரியில் தங்கியிருந்தது. அதை எடுத்த பிறகுதான் நின்றது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. இந்தத் தென்னாப்பிரிக்காவில் இத்தனை வருடம் லோட் ஷெடிங், முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் ரெஜிஸ்ட்ரி கெடாதா? கெட்டதைச் சுத்தம் செய்ய வேண்டாமா?

கடைக்காரன், பீனிக்ஸ்
ரெக்கிளீனை அவர்களே கைவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.

உங்கள் மகள் விஷயம் நியாயம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே குற்றவாளி யார் என்று தெரிந்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்தீர்கள். ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பலவும் அதற்கென்றே நீக்கும் கருவி தருகின்றன. விண்டோஸோடு தானாக ஏறுபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் ஆட்டோரன்ஸ் கருவியில் டிக்கை எடுத்துப் பார்க்கலாம், தவறென்றால் திரும்ப வைக்கலாம். கிளீனருக்கு அந்த விவேகம் கிடையாது. பேரேட்டில் எழுதியிருக்கும் இடத்தில் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் செத்த பதிவு என்று தீர்ப்பு.

கரண்ட் போவது பற்றி. ரெஜிஸ்ட்ரி ஃபைல்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே லாக் ஃபைல்கள் உண்டு. பாதியில் நின்ற எழுத்தை அடுத்த தடவை விண்டோஸ் ஏறும்போது அவற்றை வைத்துச் சரிக்கட்டும். அதையும் மீறிக் கெட்டால் கணினி பெரும்பாலும் ஏறவே ஏறாது. கிளீனருக்கு அங்கே வேலையே இல்லை. ஏறாத விண்டோஸில் அதை எப்படி ஓட்டுவீர்கள்?

தம்பிக்கு ஒரு கேள்வி. கிளீனர் ஓடிய நேரத்தில் ஏதாவது டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தீர்களா?

கோயில்தொண்டன், சாட்ஸ்வொர்த்
ஐயோ, ஆமாம். பட்டியல் புரோகிராம் இருப்பதே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில்தான். அன்றைக்கு அதைச் செயலாளர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்.

கடைக்காரன், பீனிக்ஸ்
அப்படியானால் அதுதான். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து வீட்டையே பட்டாவிலிருந்து அடித்துவிட்டது.

தமிழாசிரியை, டர்பன்
தம்பி, பதறாதீர்கள். கிளீனர் அழிக்கும் முன் பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்டதா? கேட்டு நீங்கள் சம்மதித்திருந்தால் டாக்குமென்ட்ஸில் ஒரு ரெக் ஃபைல், அதாவது அழித்த பதிவுகளின் நகல், இருக்கலாம்.

பழையவன் ஐயாவுக்கு: எங்கள் பள்ளியில் நாங்கள் இந்த மென்பொருள்களை விட்டதற்குக் காரணம் வேறு. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே விஷமிகள் நுழைந்து தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. பேர்பெற்ற மென்பொருளுக்கே அந்தக் கதி. பெயர் தெரியாத ஒன்றுக்கு நிர்வாகி அனுமதி கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பழையவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
அது கிளீனரின் குற்றமில்லையே அம்மா. எந்த மென்பொருளுக்கும் அது நடக்கலாம். பேக்கப் எடுக்காமல் ஓட்டினால் கத்தியைக் குறை சொல்லக்கூடாது. பேக்கப் இருந்தால் இரண்டு கிளிக்கில் பழையபடி ஆகிவிடும்.

கடைக்காரன், பீனிக்ஸ்
விண்டோஸ் ஏறினால் ஆகும். ஏறாவிட்டால்? முன்பெல்லாம் ரெக்பேக் என்ற ஃபோல்டரில் விண்டோஸே ரெஜிஸ்ட்ரியின் ஒரு நகல் வைத்திருக்கும், எத்தனையோ கணினிகளை அதை வைத்து எழுப்பியிருக்கிறேன். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா ஃபைலும் பூஜ்ய பைட். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் பல கணினிகளில் அணைந்தே கிடக்கிறது. அதைத் தெரியாமல்தான் எல்லோரும் தைரியமாக அழுத்துகிறார்கள்.

சரி, கிளீனர் சண்டையில் முதல் கேள்வி காணாமல் போய்விட்டது. கணினி ஏன் அணைகிறது? நீலத்திரை வருவதில்லை, இருட்டு மட்டும், அதுவும் ரசீது அடிக்கும்போது. தம்பி, விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கெர்னல்-பவர் 41 என்று, அதாவது கணினி முறைப்படி அணையவில்லை என்ற குறிப்பு, இருக்கிறதா பாருங்கள். அதன் விவரத்தில் பக்செக்கோட், அதாவது நீலத்திரைப் பிழையின் எண், என்ன காட்டுகிறது? பிரிண்டர் லேசரா? எதில் சொருகியிருக்கிறது?

கோயில்தொண்டன், சாட்ஸ்வொர்த்
41 வரிசையாக நிற்கிறது அண்ணா. பக்செக்கோட் எல்லாவற்றிலும் 0. பிரிண்டர் லேசர். கணினி, திரை, பிரிண்டர் மூன்றுமே யுபிஎஸ்ஸில். லோட் ஷெடிங் மோசமாக இருந்தபோது 2022இல் வாங்கியது.

கடைக்காரன், பீனிக்ஸ்
நீலத்திரை விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே எண் இருந்திருக்கும். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கே சொல்லாமல் கரண்ட் போயிருக்கிறது, அல்லது அப்படியே உறைந்திருக்கிறது. உங்களுக்குத் தானே எழுந்து வருவதால் முதலாவதைத்தான் சந்தேகிப்பேன். லேசர் பிரிண்டரில் மையை உருக்கி ஒட்டும் உருளை சூடாகும் நேரத்தில் ஏகத்துக்கும் கரண்ட் இழுக்கும். சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காது. வோல்டேஜ் சரிந்ததும் பேட்டரிக்குத் தாவும். 2023இல் லோட் ஷெடிங் ஆறாம் நிலை வரை போனதைப் பார்த்த பேட்டரியில் இப்போது என்ன உயிர் இருக்கும்? இன்றைக்கே பிரிண்டரை மட்டும் சுவர் பிளக்குக்கு மாற்றுங்கள். அப்புறமும் அணைந்தால் பவர் சப்ளை, ரேம், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ரெஜிஸ்ட்ரி அந்த வரிசையில் கடைசியில்கூட இல்லை.

கோயில்தொண்டன், சாட்ஸ்வொர்த்
இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பிரிண்டரை மாற்றிய பிறகு எழுபது ரசீதுக்கு மேல் அடித்தாகிவிட்டது, ஒரு தடவைகூட அணையவில்லை. பிரிண்டர் இல்லாமல் யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன், ஐந்து வினாடிகூட நிற்கவில்லை. பேட்டரி செத்திருக்கிறது.

டீச்சர் சொன்ன ரெக் ஃபைலும் கிடைத்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி வைத்துக்கொண்டு அதைத் திரும்ப ஏற்றினேன். சில பதிவுகளை எழுத முடியவில்லை என்றது, ஆனால் பட்டியல் திறந்துவிட்டது. கையோடு எல்லாப் பெயரையும் காகிதத்தில் அடித்துவிட்டேன்.

பழையவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
பார்த்தீர்களா, கிளீனர் எடுத்த பேக்கப்தான் காப்பாற்றியது.

கடைக்காரன், பீனிக்ஸ்
தள்ளிவிட்டவனே கைகொடுத்துத் தூக்கினான் என்று மாலை போடச் சொல்கிறீர்கள்!

பழையவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
என் கருத்தில் மாற்றமில்லை. தம்பி, யுபிஎஸ்ஸைத் திறந்து பேட்டரி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் என்னிடம் புதிது ஒன்று சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.